தாத்தாவின் கனடா லாரியை 1/35இல் செய்ய வேண்டும், கையில் ஒரே ஒரு போட்டோ

தட்டோன் பேத்தி, யாங்கோன்:

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாடல் செய்கிறவர்கள் குழுவில் முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தா இங்கே பர்மாவில் தட்டோனில் இருந்து ரங்கூனுக்கு (இன்றைய யாங்கோன்) லாரி ஓட்டினவர். சொந்த வண்டி. யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன கனடா லாரியை வாங்கி, தேக்குப் பலகையில் பாடி கட்டி, நெல்லும் ரப்பர் ஷீட்டும் ஏற்றினார். தாத்தாவுக்கு அப்புறம் பெரியப்பா ஓட்டினார். 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி பண்ண அனுமதி தருகிறோம் என்று அரசு அறிவித்தபோது பெரியப்பா அதை ஒப்படைத்துவிட்டார். யாரையும் குறை சொல்லவில்லை, வண்டிக்கு அதற்குமேல் உதிரிபாகம் கிடைக்கவில்லை. ஆனால் ஒப்படைத்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை, அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வருகிற தைப்பூசத்தை ஒட்டி அப்பாவுக்கு 70 முடிகிறது. அந்த லாரியை மாடலாகச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். எனக்கு அனுபவம் அதிகமில்லை. தாமியா கம்பெனியின் 1/35 (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) வில்லிஸ் ஜீப் ஒன்றும் 1/24 கார் ஒன்றும் முழுசாக முடித்திருக்கிறேன், ஏர்பிரஷ் இருக்கிறது.

இருப்பது ஒரே ஒரு போட்டோ. முனீஸ்வரர் கோயில் திருவிழா அன்று எடுத்தது, 1973 அல்லது 74 என்று அத்தை சொல்கிறார். வண்டியின் இடது பக்கம் தெரிகிறது, நேராக இல்லாமல் சற்றுத் திரும்பி நிற்கிறது. மூக்கு நசுங்கினது மாதிரி குட்டையான முகம். முன்கண்ணாடி இரண்டு துண்டு, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து நெற்றி தள்ளினாற்போல் இருக்கிறது. பானெட் மேல் ஒரு தகரப் பெட்டி மாதிரி எழும்பி நிற்கிறது, அது என்ன என்றே தெரியவில்லை. மாலையும் எலுமிச்சையும் கட்டியிருக்கிறது, கூடவே கண்ணாடிக் கம்பியில், பர்மாக்காரர்கள் மங்களத்துக்கு வைக்கிற தபியே இலைக் கொத்து.

அப்பா செவர்லே என்கிறார், அத்தை ஃபோர்டு என்கிறார். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1/24இல் செய்தால் அப்பா கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன், அது முடியுமா? ஒரு போட்டோவை வைத்து அளவு எடுக்க வழி உண்டா? தேக்குப் பாடிக்கு நிஜத் தேக்கையே சீவிப் போடலாமா?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சுற்றி வளைத்துத்தான் எதையும் கேட்க முடியும்.


பழைய ஸ்டியரிங், மௌல்மேன்:

மகளே, படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் 14 வயதில் இந்த ஜாதி வண்டியில் ஸ்பேராக ஏறினவன். தமிழ்நாட்டில் கிளீனர் என்பார்கள், இங்கே பர்மாக்காரர்கள் வாயில் அது ஸ்பேர். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மாடல் விஷயம் மற்ற பிள்ளைகள் சொல்லட்டும்.

முன்கண்ணாடி நெற்றி தள்ளி நிற்கிறது என்றாயே, அது ஒன்று போதும். கனடாவில் செய்த ராணுவ லாரிகளில் 11, 12, 13 என்று கேபினுக்கு எண் உண்டு. முதல் இரண்டிலும் கண்ணாடி நேராக நிற்கும். 1941 கடைசியில் வந்த 13ஆம் கேபினில்தான் மேல் விளிம்பு முன்னால் சாயும். வெயில் பட்டுக் கண்ணாடி மின்னினால் மேலே பறக்கிற எதிரி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கும், அதற்காக அப்படிச் சாய்த்தார்கள். 1945 மே மாதம் ரங்கூனுக்குத் திரும்பி வந்த பிரிட்டிஷ் படையோடு இந்த வண்டிகள் நிறைய வந்தன, போகும்போது இங்கேயே நின்றுவிட்டன. ரங்கூன் பஸ்களில் பாதி இந்தச் சேசிஸ்மேல் மரப்பெட்டி கட்டி ஓடினதுதான் என்று சொல்லும் அளவுக்கு எங்கே பார்த்தாலும் அதுதான் தெரியும்.

செவர்லேயா ஃபோர்டா என்பதற்கு அப்பாவிடம் ஒரே கேள்வி கேள்: "பிளக் எத்தனை?" செவர்லே என்றால் ஒரே வரிசையில் ஆறு, 85 குதிரைத்திறன். ஃபோர்டு என்றால் வி8, பக்கத்துக்கு நாலாக எட்டு பிளக், 95 குதிரைத்திறன். முகம் இரண்டுக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதனால் அத்தை சொல்வதும் தப்பில்லை. பிளக் கழட்டித் துடைத்த பையனுக்கு எண்ணிக்கை சாகும்வரை மறக்காது.

பானெட் மேல் உள்ள தகரப் பெட்டி எனக்குத் தெரியும். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசல் இன்ஜின் ஏற்றியிருப்பார்கள். அது உயரம் கூட, பானெட் மூடாது. அப்போது மூடியை வெட்டி, மேலே தகரத்தில் கூடு கட்டுவோம். ஒவ்வொரு பட்டறையும் தன் கைக்கு வந்தபடி கட்டும். உன் தாத்தா வண்டியின் கூடு மாதிரி இன்னொரு வண்டியில் இருந்திருக்காது, அதனால் அதை விட்டுவிடாதே.

உள்ளே இன்ஜின் பாதி கேபினுக்குள்தான் இருக்கும், டிரைவருக்கும் பக்கத்து ஸீட்டுக்கும் நடுவில். டிரைவர் கால் வைக்கிற இடம் ஒரு சாண்தான், மூன்று பெடலும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். சித்திரை வெயிலில் சிட்டாங் தாண்டுவதற்குள் முழங்காலுக்குக் கீழே வெந்துவிடும். எங்கள் முதலாளி சாக்கை நனைத்து இன்ஜின் மூடிமேல் போடுவார், அது பெகு வருவதற்குள் காய்ந்து மொறுமொறுத்துப் போகும். நீ மாடலில் ஒரு சாக்கைப் போடு. உன் அப்பா பார்த்தால் சிரிப்பார்.

முக்கியமான விஷயம் ஒன்று. 1970 டிசம்பரில் இந்த நாட்டில் ரோட்டு முறையை மாற்றினார்கள். அதுவரை இந்தியா மாதிரி இடது பக்கம் ஓட்டினோம், ஒரே நாளில் எல்லாரும் வலது பக்கம் போனோம். ஸ்டியரிங் மட்டும் அதே வலது பக்கத்தில் நின்றுவிட்டது. அதாவது டிரைவர் ரோட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. இடது ஸீட்டில் இருக்கிற ஸ்பேர்தான் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, வா, காலி, நிறுத்து என்று சொல்ல வேண்டும். உன் போட்டோ 73 என்றால் அந்தக் காலத்து வண்டி. பஸ்ஸாக இருந்தால் வாசலையே இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் மாற்றி வெட்டியிருப்பார்கள். லாரிக்கு அந்த வேலை இல்லை. இடது ஸீட்டில் யார் போனார் என்று மட்டும் கேட்டுப் பார்.


முப்பத்தைந்தில் ஒன்று, யாங்கோன்:

வணக்கம் தங்கச்சி. ஐயா சொன்னதற்கு மேல் வண்டியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, செய்கிற வழியைச் சொல்கிறேன்.

1/24 வேண்டாம். 1/24, 1/25 எல்லாம் பெரும்பாலும் நெடுஞ்சாலை லாரிகளின் உலகம், பீட்டர்பில்ட், கென்வொர்த், ஸ்கானியா, வோல்வோ என்று போகும். யுத்தகாலத்து லாரி என்றால் கிட் (ஒட்டிச் செய்கிற பாகப் பெட்டி), டயர், பொம்மை, மூட்டை, ஜெரிகேன் எல்லாமே 1/35இல்தான் குவிந்து கிடக்கிறது. தாமியா அறுபதுகளில் பாந்தர் டாங்க் செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் பிடிக்கிற அளவுக்கு வைத்ததால் தற்செயலாக வந்த அளவு இது, அப்புறம் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே உன்னிடம் வில்லிஸ் ஜீப் இருக்கிறது. பக்கத்தில் வைத்தால் லாரி எவ்வளவு பெரியது என்று அப்பாவுக்கே தெரியும்.

தாத்தா நெல் ஏற்றினார் என்றால் அது 3 டன் வண்டி, செவர்லே என்றால் பெரும்பாலும் சி60எல் என்கிற வகையாக இருக்கும். நீள சேசிஸ், வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர நடுக்களுக்கு இடைத்தூரம், 158 அங்குலம். மிரர் மாடல்ஸ் 1/35இல் சி60எல் போட்டிருக்கிறார்கள். நல்ல கிட், ஆனால் பொடிப் பாகம் ஏராளம், பித்தளைத் தகட்டு வேலையும் உண்டு. அவசரப்பட்டால் உடையும். இத்தாலேரியின் பழைய செவர்லே 15 ஹண்ட்ரட்வெயிட் (முக்கால் டன்) கிட் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் அது சின்ன வண்டி. வீல்பேஸ் 101 அங்குலம்தான். 1/35இல் கணக்குப் போட்டால் அது 73 மில்லிமீட்டர், உனக்கு வேண்டியது 115 மில்லிமீட்டர். சேசிஸை வெட்டி 42 மில்லி கூட்ட வேண்டும், டயரும் மாற்ற வேண்டும். நான் ஒரு தடவை அப்படி நீட்டிப் பார்த்தேன், சட்டம் மூன்று மாதத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. உள்ளே பித்தளைக் கம்பி கொடுக்காமல் ஒட்டினது என் தப்பு. அதனால் உன் நேரத்துக்கு மிரர் மாடல்ஸ்தான் சரி. பாங்காக்கில் இருந்து வருகிறவர் யாரையாவது பிடித்துச் சொல்லிவிடு, தபாலை நம்பி இருக்காதே.

இப்போது அளவு. ஒரு போட்டோ போதும், வீல்பேஸ் தெரிந்தால் போதும். போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடு. முன் சக்கர நடுவில் இருந்து பின் சக்கர நடு வரை எத்தனை மில்லி என்று அள. 114.7ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உன் பெருக்கும் எண். பாடி நீளம், கதவு அகலம், பின்னால் நீட்டியிருக்கிற பலகை எல்லாவற்றையும் போட்டோவில் அளந்து அதால் பெருக்கினால் மாடல் அளவு வரும்.

ஆனால் வண்டி திரும்பி நிற்கிறது என்றாய். அப்போது நீளம் சுருங்கித் தெரியும், உயரம் சுருங்காது. இதைக் கவனிக்காமல் ஒரே எண்ணால் எல்லாவற்றையும் பெருக்கினால் கேபின் கோபுரம் மாதிரி உயர்ந்துவிடும், நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். சக்கரத்தைப் பார். நிஜத்தில் அது வட்டம், போட்டோவில் முட்டை மாதிரி இருக்கும். அதன் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று இரண்டு சக்கரத்திலும் அளந்து எனக்குச் சொல். அகலத்தை உயரத்தால் வகுத்தால் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும், அதை வைத்து உயரத்துக்குத் தனி எண் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று, பின்னால் டயர் ஒற்றையா இரட்டையா என்று கேட்டு வை. ராணுவத்தில் இருந்தபோது இந்த 3 டன் வண்டிக்குப் பின்னாலும் ஒற்றை டயர்தான், 10.50-20. வாங்கினவர்கள் சிலர் பாரத்துக்காக இரட்டையாக மாற்றிக்கொண்டார்கள்.


ஹினோ கிறுக்கு, பெகு:

நான் எப்போதும் ஹினோ பக்கம்தான், இருந்தாலும் இந்தத் திரியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அந்த ஜப்பான் டீசல் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஜப்பானோடு போர் இழப்பீட்டு ஒப்பந்தம் 1954 நவம்பரில் ரங்கூனில் கையெழுத்தானது, 20 கோடி டாலர், பத்து வருஷம். அதன் தொடர்ச்சியாக அறுபதுகளில் நாலு தொழில் இங்கே வந்தது: கனரக வண்டிக்கு ஹினோ, சின்ன வண்டிக்கு மாஸ்டா, விவசாயக் கருவிக்கு குபோட்டா, மின்சாமானுக்கு மட்சுஷிதா. நம் ஊரில் பாட்டி வீட்டு ரேடியோவில் இருந்து தேக்கு இழுத்த லாரி வரை எல்லாம் அந்த நாலுக்குள் வந்துவிடும். ஹினோ டிஇ லாரி நீளமூக்கு, முகப்பில் அகலக் கிரில், மட்கார்டு இரண்டும் தோள் மாதிரி திரண்டு நிற்கும். தேக்குமரம் மூன்று ஏற்றிக்கொண்டு பெகு யோமா மேட்டில் முதல் கியரில் ஏறுகிற சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது, கீழே ஊரில் இருந்தே எந்த டிரைவர் வருகிறார் என்று சொல்வோம், கியர் மாற்றுகிற விதத்தில்.

நான் டிஇ ஒன்றை அட்டையிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன், நாலு வருஷமாகிறது, கேபின் வரைக்கும் வந்துவிட்டேன். அந்த அனுபவத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன் அக்கா. கிட் வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். அளவு கிடைத்ததும் முதலில் வெறும் அட்டையில், காலண்டர் அட்டை போதும், முழு வண்டியையும் வெட்டி ஒட்டிப் பாருங்கள். பெயிண்ட் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உருவம் தப்பாக இருந்தால் அட்டையிலேயே தெரிந்துவிடும், பிளாஸ்டிக்கை வெட்டின பிறகு தெரிந்தால் அழுகை வரும்.

அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். என் மாமா இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் ஓட்டின ஹினோவின் கேபின் என்ன நிறம் என்று யாரிடமும் கேட்காமல் விட்டது உறைத்தது. போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை. இன்றைக்கும் அந்தக் கேபின் பிரைமரோடு நிற்கிறது.


தட்டோன் பேத்தி, யாங்கோன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு வாரம் எழுத முடியவில்லை, அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நேரம்.

பெகு தம்பி எழுதினதைப் படித்த அன்று ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பிளக் எத்தனை என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "ஆறு, நான்தான் துடைப்பேன், மூன்றாவது எப்போதும் கறுப்பாக வரும்" என்றார். ஆக செவர்லேதான். அத்தைக்கு போன் பண்ணி அவரே சொல்லிவிட்டார், சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷம்.

பானெட் மேல் இருப்பது ஐயா சொன்னபடி டீசல் இன்ஜினுக்குக் கட்டின கூடுதான். தட்டோன் ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு பட்டறையில் எண்ணெய் டின்னைப் பிரித்துக் கட்டினதாம், உள்பக்கம் திறந்தால் டின்னின் அச்சு எழுத்து தெரியுமாம். பின்னால் ஒற்றை டயர். கேபின் நிறம் பச்சை, ஆனால் ராணுவப் பச்சை இல்லை, வாழை இலைப் பச்சை, தாத்தாவே பிரஷ்ஷால் அடிப்பாராம், வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கோட். கதவில் அடுக்கடுக்காகப் பெயிண்ட் தடித்துப் போய், நகத்தால் கீறினால் பழைய பச்சை ஒவ்வொன்றாக வருமாம்.

அளந்த எண்கள்: சக்கர நடுவில் இருந்து நடு 62 மில்லி. சக்கரம் உயரம் 18, அகலம் 16, இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பின் சக்கர நடுவுக்குப் பின்னால் பாடி 27 மில்லி நீட்டியிருக்கிறது. பக்கப் பலகை ஆறு வரிசை.

தேக்கு விஷயம் யாரும் சொல்லவில்லையே. அப்பா ஒரு பழைய நாற்காலிக் காலை எடுத்து வைத்துக்கொண்டு இதைச் சீவலாமா என்று கேட்கிறார்.


முப்பத்தைந்தில் ஒன்று, யாங்கோன்:

நல்ல எண்கள் தங்கச்சி. நீளத்துக்கு 1.85ஆல் பெருக்கு. பின்னால் நீட்டின பாடி 27 என்றால் மாடலில் 50 மில்லி, நிஜத்தில் ஒன்றேமுக்கால் மீட்டர். பாரம் ஏற்றத் தாத்தா நன்றாகவே நீட்டிக் கட்டியிருக்கிறார். உயரத்துக்கு 1.64. சரியா என்று சக்கரத்தை வைத்தே சோதிக்கலாம்: 18ஐ 1.64ஆல் பெருக்கினால் 29.5 மில்லி, நிஜத்தில் ஒரு மீட்டர் சொச்சம் விட்டம். 10.50-20 டயருக்கு அது ஒத்துப்போகிறது, ஆகவே போட்டோவை நம்பலாம். கேமராவுக்குக் கிட்டே இருக்கிற முனை கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அதனால் ஒரு மில்லி அப்படி இப்படி இருந்தால் கவலைப்படாதே.

தேக்கு வேண்டாம், அப்பாவிடம் பக்குவமாகச் சொல். தேக்கின் ரேகை பெரிது. ஒரு அங்குலப் பலகை 1/35இல் 0.7 மில்லி கனம்தான், ஆறு அங்குல அகலம் 4.4 மில்லிக்குள் வந்துவிடும். அந்த 4 மில்லிக்குள் நிஜத் தேக்கின் ஒரு ரேகை ஓடினால் அது பலகை மாதிரித் தெரியாது, மரத்தைப் பிளந்து வைத்த மாதிரித் தெரியும். ரேகை கண்ணுக்குத் தெரியாத மரமாகப் பார், ஐஸ்கிரீம் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து மெலிசாக்கினாலே போதும். இல்லையென்றால் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, ரம்பப் பல்லால் நீளவாக்கில் மெதுவாக இழு, ரேகை வந்துவிடும். அப்புறம் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு அடித்து, காய்ந்ததும் எண்ணெய்ப் பெயிண்டில் கரும்பழுப்பைப் பலகை பலகையாக வேறு வேறு அளவில் இழு. எல்லாப் பலகையும் ஒரே நிறத்தில் இருந்தால் கடையில் வாங்கின பெட்டி மாதிரி ஆகிவிடும். மூட்டை உரசுகிற இடம், அதாவது உள்பக்கம் இடுப்பு உயரத்துக்கு, வழவழப்பாக, கொஞ்சம் வெளுத்து இருக்கட்டும். மழை படுகிற மேல் பலகை மட்டும் சாம்பல் ஓடட்டும்.

அந்த நாற்காலிக் காலை வீணாக்க வேண்டாம். மாடல் நிற்கிற அடிப்பலகையை அதில் செய்யச் சொல்.

பச்சையைப் பிரஷ்ஷாலேயே அடி. தாத்தா பிரஷ்ஷால் அடித்திருக்கிறார், ஏர்பிரஷ்ஷில் அடித்தால் ஷோரூம் வண்டி மாதிரி வழுவழுவென்று வரும், அது அவர் வண்டி இல்லை. முதலில் இருட்டுப் பச்சை, அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் வாழை இலைப் பச்சை, பிறகு ஈரப் பிரஷ்ஷால் கதவு விளிம்பையும் படியையும் மட்டும் தேய்த்தால் கீழே உள்ள பச்சை எட்டிப் பார்க்கும். பிரைமரும் வார்னிஷும் ஏர்பிரஷ்ஷில்தான் வரும், அதை இந்த அடைமழையில் செய்யாதே. லாக்கர் காற்று ஈரத்தைப் பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும், நான் போன ஆகஸ்டில் ஒரு ஸ்டூட்பேக்கர் லாரி மாடலை அப்படித்தான் கெடுத்தேன். மழை விட்டதும், கார்த்திகை மார்கழியில் அடித்துக்கொள். தைப்பூசத்துக்கு நேரம் இருக்கிறது. கரண்ட் இருக்கிற மணி பார்த்து கம்பிரஸரைப் போடு, பாதி அடிக்கும்போது நின்றால் கோடு விழும்.


பழைய ஸ்டியரிங், மௌல்மேன்:

டின் கூட்டின் அச்சு எழுத்து என்றதும் எனக்கும் அந்தப் பட்டறை வாசம் அடிக்கிறது.

மகளே, அழுக்கு எங்கே வரும் என்று ஒரு வார்த்தை. தாத்தா வெற்றிலை போடுவாரா என்று கேள். போடுவார் என்றால் வலது கதவுக்கு வெளியே, கண்ணாடி இறங்குகிற இடத்தில் இருந்து பின்பக்கமாகச் சரிந்து சிவப்புக் கறை ஓடும், நேராகக் கீழே இல்லை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது துப்புவதால் காற்று பின்னால் இழுக்கும். பழைய கறை செங்கல் நிறம், புதுசு ரத்தச் சிவப்பு. ரொம்பப் போடாதே, மூன்று நாலு கோடு போதும்.

டீசல் டாங்க் மூடிக்குக் கீழே கறுத்து வழிந்த தடம் இருக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பாடியின் அடிப்பலகையில் செம்மண். தட்டோன் பக்கத்து மண் சிவப்பு, ரங்கூன் வருவதற்குள் அதன்மேல் சாம்பல் தூசி படியும், ஆக அடியில் சிவப்பு, மேலே சாம்பல்.

இடது ஸீட்டில் யார் போனார் என்று கேட்கச் சொன்னேனே, கேட்டாயா?


தட்டோன் பேத்தி, யாங்கோன்:

கேட்டேன் ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பெகு தம்பி சொன்னபடி காலண்டர் அட்டையில் வண்டியை வெட்டி ஒட்டினேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. போட்டோவில் தெரிகிற பக்கம் நன்றாக வந்தது. தெரியாத வலது பக்கத்தையும் அதே மாதிரி செய்து, இரண்டு பக்கமும் கேபின் ஓரத்தில் குண்டூசியில் கண்ணாடி குத்தி வைத்தேன். கண்ணாடி இருக்கும்தானே என்று நானாகவே வைத்ததுதான். போட்டோவில் தபியே கட்டியிருந்த கம்பியைக் கண்ணாடிக் கம்பி என்று முதலில் எழுதினதும் நான்தான்.

அப்பா வாங்கிப் பார்த்தார். முதலில் பின்பக்கம், பிறகு அடியில் கவிழ்த்து, பிறகு பானெட் கூடு. கூடு இன்னும் ஒரு விரல் உசரம் என்றார், நிஜ விரல் கணக்கில், அதைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் இடது பக்கத்தைத் திருப்பினார். அந்தக் குண்டூசியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். "இந்தப் பக்கம் கண்ணாடி கிடையாது. இங்கே நான் இருந்தேன்" என்றார்.

1970 டிசம்பரில் ரோடு மாறினபோது அவருக்கு 15 வயது. பள்ளிக்கூடம் விட்ட நாளெல்லாம் தாத்தா அவரைத்தான் இடது ஸீட்டில் ஏற்றிக்கொண்டு போவாராம். மோட்டமா வரைக்கும் ஒரு தடவை, ரங்கூனுக்கு ஒரு தடவை என்று மாறி மாறி. அப்போது தான்லுவின் ஆற்றுக்குப் பாலம் ஏது, அக்கரை மௌல்மேனுக்குச் சரக்கெல்லாம் ஃபெர்ரியில் இறக்கி ஏற்ற வேண்டும். அந்தக் கம்பி அவர் பிடித்துக்கொண்டு வெளியே சாய்வதற்காகத் தாத்தா வைத்துக் கொடுத்ததாம். முதல் தடவை "காலி, வா" என்று தைரியமாகச் சொல்லிவிட்டு எதிரே பஸ் வந்து, தாத்தா பிரேக்கில் ஏறி நின்றாராம், திட்டவே இல்லையாம், இறங்கி டீ வாங்கிக் கொடுத்து, இனிமேல் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொல் என்றாராம். அந்த டீக்கடை எந்த ஊர் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கியாய்க்டோ.

ஐயா, தாத்தா வெற்றிலை போடுவாராம். நாலு கோடு போட்டுவிடுகிறேன். சாக்கும் உண்டு.

இப்போது சந்தேகம் இரண்டே இரண்டு. 1/35இல் 15 வயதுப் பையன் பொம்மை எங்கே கிடைக்கும், இல்லை ராணுவ டிரைவர் பொம்மையை வெட்டிச் சின்னதாக்கலாமா? கதவு கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும், ஒரு கை கம்பியில், தலையும் தோளும் வெளியே. இன்னொன்று, அந்தக் கம்பிக்கு எத்தனை மில்லி பித்தளைக் கம்பி போட்டால் அளவாக இருக்கும்? அப்பா கட்டைவிரல் தடிமன் என்கிறார்.


முப்பத்தைந்தில் ஒன்று, யாங்கோன்:

கட்டைவிரல் என்றால் 20 மில்லி என்று வை, 0.6 மில்லி கம்பி போடு. வளைக்கிறதுக்கு முன்னால் மெழுகுவர்த்தியில் சூடு காட்டி ஆற வை, அப்போதுதான் முறியாமல் வளையும்.

பொம்மைக்கு ராணுவ ஆளை வெட்டாதே, தோள் அகலத்தைக் குறைத்தாலும் பெரிய ஆள் முகம்தான் இருக்கும். ஊர்மக்கள் பொம்மை என்று 1/35இல் தனிப்பெட்டியாக வரும், அதில் பையன்கள் உண்டு. என்னிடம் ஒரு பெட்டி பாதி மிச்சம் இருக்கிறது, சைக்கிள் பிடித்து நிற்கிற பையன். கை ஏற்கெனவே முன்னால் நீட்டியிருக்கிறது, தோளை மட்டும் திருப்பி ஒட்டினால் கம்பியைப் பிடித்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, எடுத்து வைக்கிறேன்.